வெள்ளிக் கிரகத்தில் இரும்பு நசுங்குமா?

செந்தூலிலிருந்து ஒரு தாயார் கேட்ட கேள்வி இது: "வெள்ளிக் கிரகத்தில் ஈர்ப்பு பயங்கரம், அதனால்தான் ரஷ்யர்கள் அனுப்பிய கலங்கள் நசுங்கிப்போயின என்கிறான் படிவம் ஐந்தில் படிக்கும் என் மகன். வியாழனில் இரும்புக் குண்டைப் போட்டால் கடுகளவு ஆகிவிடுமாம். அப்படியானால் மைலோ டின்னைப் போட்டால் என்ன ஆகும் என்று சின்னவள் பிடித்துக்கொண்டாள். யாருக்கு என்ன பதில் சொல்வது?"

வணக்கம் சகோதரி. கலங்கள் நசுங்கின என்று உங்கள் மகன் சொல்வது சரிதான். ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு. இரும்புக் குண்டு கடுகாகாது. மூன்றில் உருப்படியான கேள்வி சின்னவளுடையது. அந்த டின் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அவளிடம் திருப்பிக் கேளுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில் ஈர்ப்பைப் பார்த்துவிடுவோம். வெள்ளியின் ஈர்ப்பு பூமியைவிடக் குறைவு. இங்கே விழுகிற பொருளின் வேகம் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் கூடுகிறது என்றால், அங்கே 8.87 மீட்டர். இங்கே தராசில் 50 கிலோ காட்டுகிறவர் அங்கே 45 கிலோ காட்டுவார். ஆனால் காற்றழுத்தம் பூமியைப்போல 92 மடங்கு. சனியை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியைப்போல 95 மடங்கு நிறை உள்ள கிரகம். இருந்தும் உடல் பருத்து, மையம் வெகுதூரம் தள்ளிப் போய்விட்டதால், அதன் மேகமட்டத்தில் ஈர்ப்பு ஏறக்குறைய நம் ஈர்ப்புதான். புதனுக்கும் செவ்வாய்க்கும் ஈர்ப்பு ஒன்றே, 3.7. புதனில் காற்று என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. செவ்வாயில் மெல்லிய காற்று உண்டு. சனியின் துணைக்கோளான டைட்டனில் ஈர்ப்பு நம் நிலாவைவிடவும் குறைவு. அங்கே தரையில் காற்றழுத்தம் நம்முடையதைப்போல ஒன்றரை மடங்கு. ஈர்ப்பையும் அழுத்தத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்தால் இந்தக் கணக்கு எதுவும் நேராகாது.

அழுத்தம் என்பது தலைக்குமேல் எவ்வளவு சரக்கு அடுக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஈர்ப்பு அந்தச் சரக்கைக் கீழே இழுக்கிறது, சரி. சரக்கே இல்லாவிட்டால் எதை இழுக்கும்? வெள்ளியில் சரக்கு ஏராளம். அதன் காற்றில் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் கரியமில வாயு. பூமியிலும் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய அளவு கரியமில வாயு உண்டு, ஆனால் காற்றில் இல்லை, கல்லில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு நீங்கள் படியேறும் பத்துமலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லின் எடையில் நூற்றுக்கு 44 பங்கு கரியமில வாயுதான். கடல் அதைக் கரைத்துக்கொண்டது, சிப்பியும் பவளமும் அதை ஓடாக்கின, ஓடுகள் மலையாயின. வெள்ளியில் கடல் நிலைக்கவில்லை, வாயு வானத்திலேயே தங்கிவிட்டது. உலகத்துச் சுண்ணாம்பு மலைகளையெல்லாம் சுட்டு வாயுவாக்கினால் நமக்கும் கிட்டத்தட்ட அந்தக் கதிதான்.

இனி நசுங்குவது எப்படி என்பதற்கு வருவோம். பாய்லர், நீராவி, அழுத்தக் கலன் என்றே என் வேலைக்காலம் போனது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்வேன். நாங்கள் அழுத்தத்தைப் பார் என்ற அளவில் சொல்வோம். கோலாலம்பூரில் நம்மைச் சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய 1 பார். ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோ சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். விரித்த உள்ளங்கைமேல் 100 கிலோவுக்குக் குறையாது. கை ஏன் தாழவில்லை? கீழிருந்தும் அதே காற்று அதே பலத்தோடு தள்ளுகிறது. உடம்புக்குள் இருக்கும் நீரும் இரத்தமும் அதே அழுத்தத்தில் இருக்கின்றன. நாலு பக்கமும் சமமாக அழுத்தினால் எதுவும் நடக்காது.

செம்பனை ஆலையில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், எண்ணெய்த் தொட்டி சப்பிப்போன கதை ஒன்றாவது சொல்வார்கள். நான் பார்த்த தொட்டி இரண்டு மாடி உயரம். உள்ளே நீராவி விட்டுக் கழுவியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் யாரோ மேலே இருந்த காற்றுத் துவாரத்தையும் சேர்த்து மூடிவிட்டார்கள். பிற்பகலில் வழக்கமான மழை. குளிர்ந்த தகடு பட்டு உள்ளே இருந்த நீராவி தண்ணீராகிவிட்டது. நீராவி தண்ணீராகும்போது அதன் கன அளவு ஆயிரத்தறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். உள்ளே வெற்றிடம், வெளியே கோலாலம்பூரின் சாதாரணக் காற்று. தொட்டியின் ஒரு பக்கம் உள்வாங்கி, தையல் பிரிந்து, யாரோ பெரிய முழங்காலை வைத்து அமுக்கியதுபோல் கிடந்தது. அத்தனைக்கும் 1 பார்கூட முழுதாகத் தேவைப்படவில்லை. அதே எஃகுத் தகட்டைச் சுருட்டாமல், தட்டையாகத் தரையில் வைத்திருந்தால் வருடக்கணக்கில் அதே காற்றின் கீழ் ஒன்றும் ஆகாமல் கிடந்திருக்கும்.

நசுக்குவது அழுத்தத்தின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம்தான் நசுக்குகிறது. மைலோ டின்னின் மூடி திறந்திருந்தால் அது வெள்ளியின் அழுத்தத்தில் நசுங்காது. மூடி இறுக்கியிருந்தால் வெள்ளித் தரைக்குப் போகவே வேண்டாம், அதற்கு எத்தனையோ கிலோமீட்டர் மேலேயே அப்பளமாகிவிடும்.

ரஷ்யர்களின் கதைக்கு வருகிறேன். அப்போது சோவியத் யூனியன். வெள்ளியின் மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலம். 1967 அக்டோபர் 18-ஆம் தேதி அவர்கள் அனுப்பிய வெனேரா 4 என்ற கலம் உள்ளே இறங்கியது. தரைக்கு இன்னும் வெகு உயரம் இருக்கும்போதே சமிக்ஞை நின்றது. 1969 மே மாதத்தில் ஒருநாள் இடைவெளியில் வெனேரா 5, வெனேரா 6 இரண்டும் போயின. கூட்டைக் கொஞ்சம் பலப்படுத்தி அனுப்பினார்கள், ஆனால் அவையும் 25 பார் அளவுக்குத்தான் கட்டப்பட்டவை. தரையில் 92 பார். அவையும் வழியிலேயே போயின. மூன்றும் மூடிய டின்கள், அவ்வளவுதான். உள்ளே மின்கருவிகளுக்காக அடைத்த வாயு, வெளியே அதைவிடப் பல மடங்கு.

வெனேரா 7-க்கு வந்தபோது பொறியாளர்கள் யூகிப்பதை விட்டுவிட்டார்கள். 180 பாரும் 540 டிகிரி வெப்பமும் தாங்குமளவு டைட்டேனியக் கூடு, தேவைக்கு இரண்டு மடங்கு. 1970 டிசம்பர் 15-ஆம் தேதி இறங்கும்போது பாராசூட் கைவிட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதியது. கலம் செத்துவிட்டதென்று நினைத்தார்கள். பிறகு பதிவு நாடாக்களை மறுபடி அலசியபோது இரைச்சலுக்கு அடியில் மிக மெல்லிய சமிக்ஞை ஒன்று 23 நிமிடம் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. வேறொரு கிரகத்தின் தரையிலிருந்து மனிதனுக்கு வந்த முதல் தகவல் அது. நசுங்காமல் நின்றது கூடு. ஆளை முடித்தது வெப்பம். அதற்குப் பிறகு வெள்ளியில் தரையிறங்கிய கலங்களில் மிக நீண்ட நேரம் தாக்குப்பிடித்தது வெனேரா 13, 1982 மார்ச் மாதத்தில், 127 நிமிடம். 32 நிமிடம் இருந்தால் போதும் என்று கட்டியது. அதையும் கடைசியில் சுட்டுத்தான் கொன்றது வெள்ளி.

இதனால்தான் இன்று வெள்ளிக்குக் கலம் செய்கிறவர்களின் கவலை அழுத்தம் அல்ல. அழுத்தத்துக்குக் கோள வடிவக் கூடு போதும், கணக்கு நம் கையில் இருக்கிறது. 464 டிகிரிக்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், துத்தநாகம் 420-இல். மைலோ டின்னின் எஃகுமேல் பூசும் வெள்ளீயம் 232-இல் உருகும். சாதாரண சிலிக்கான் சில்லுகள் அந்தச் சூட்டில் சில்லாக வேலை செய்யாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நாசா வைத்திருக்கும் ஒரு பெரிய எஃகு அறையில் வெள்ளியின் காற்றையும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அப்படியே உண்டாக்கி, சிலிக்கான் கார்பைடில் செய்த சில்லுகளை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். மூன்று வாரம் ஓடின. கூடு கீடு எதுவும் இல்லாமல் வெறும் சில்லு. அது திடப்பொருள், உள்ளே காற்றில்லை, எனவே 92 பார் அதை என்ன செய்துவிடும்?

உங்கள் மகனின் இரும்புக் குண்டுக்குக் கணக்கே போட்டுக் காட்டலாம். 10 செண்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு. 92 பாரில் அதன் விட்டம் சுமார் 2 மைக்ரான் குறையும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனமே பல பத்து மைக்ரான் இருக்கும். அதே நேரத்தில் 464 டிகிரிச் சூட்டில் எஃகு விரியும், விட்டம் அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடும். அதாவது சூட்டில் விரிவது, அழுத்தத்தில் சுருங்குவதைப்போல இருநூறு மடங்குக்கும் அதிகம். வெள்ளியில் இரும்புக் குண்டு நசுங்காது, கொஞ்சம் பெரிதாகும். இதைப் பையனிடம் சொல்லும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள்.

நம்ப மறுத்தால் கடலைக் காட்டுங்கள். மரியானா அகழியின் அடியில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல், வெள்ளியைப்போல பத்து மடங்குக்கும் அதிகம். அங்கே கூனி இறால் போன்ற சிற்றுயிர்கள் ஓடித் திரிகின்றன. ஜப்பானுக்குத் தெற்கே 8,336 மீட்டர் ஆழத்தில் நத்தைமீன் ஒன்றை 2022-இல் படம் பிடித்தார்கள். குழகுழவென்று, கையில் எடுத்தால் வழிந்துவிடும்போல் இருக்கிற மீன். அதன் உடம்பில் காற்றுப்பை கிடையாது, அவ்வளவுதான் இரகசியம். கடலாய்வுக் கப்பல்களில் போகிறவர்கள் போலிஸ்டைரின் கப்பில் பெயரெழுதி, கருவியோடு கட்டி ஆழத்துக்கு அனுப்புவது ஒரு வழக்கம். மேலே வரும்போது அதே கப், அதே எழுத்து, ஆனால் விரல்நுனியில் மாட்டும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். போலிஸ்டைரினில் பெரும்பகுதி காற்று. காற்று போனது, கப் சிறுத்தது. கூடவே ஓர் எஃகுக் குண்டைக் கட்டி அனுப்பியிருந்தால் போனபடியே வந்திருக்கும்.

மனித உடம்பே இதற்குச் சாட்சி. 1992-இல் பிரான்சின் மார்செய் நகரில் கோமெக்ஸ் நிறுவனத்தின் அழுத்த அறை ஒன்றில், ஒரு முக்குளிப்பாளர் கடலில் 701 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் இருந்து திரும்பினார். 71 பார்! ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் கலந்த வாயுவைச் சுவாசித்தார். நுரையீரலுக்குள்ளும் அதே 71 பார் இருந்ததால் விலா எலும்பு நொறுங்கவில்லை. மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினார்கள். வெள்ளியின் அழுத்தத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. சூடும் கரியமில வாயுவும் இல்லாவிட்டால்... சரி, அப்படிப் பார்த்தால் அது வெள்ளியே இல்லை.

வெள்ளியின் காற்றைப்பற்றி இன்னொன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. கரியமில வாயு 31 டிகிரிக்கும் 74 பாருக்கும் மேலே போனால் அதற்கு வாயு, திரவம் என்ற பேதம் போய்விடுகிறது. வெள்ளியின் தரையில் இருப்பது அந்த நிலையில்தான். ஒரு கன மீட்டர் காற்றின் எடை நம் ஊரில் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். அங்கே 65 கிலோ. அங்கே தரையில் அடிக்கும் காற்று வேகமே இல்லாதது, நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் அதிகம். ஆனால் அந்த ஒரு மீட்டர் வேகக் காற்று ஒரு பொருளைத் தள்ளும் பலம், நம் ஊரில் மணிக்கு 26, 27 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றின் பலம். விழுகிற பொருளும் அதில் திணறும். வெனேரா 9 முதல் சோவியத் பொறியாளர்கள் இதைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினார்கள். 50 கிலோமீட்டர் உயரத்திலேயே பாராசூட்டைக் கழற்றிவிட்டார்கள். மீதித் தூரத்தைக் கலம் காற்றைத் தடுக்கும் ஒரு வட்டத் தட்டை மட்டும் நம்பிக் கடந்தது. அடர்ந்த காற்றில் தானாக வேகம் குறைந்து, நொடிக்கு ஏழு எட்டு மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டது. உங்கள் மகள் வெள்ளியில் 50 கிலோமீட்டர் உயரத்திலிருந்து திறந்த மைலோ டின்னை நழுவவிட்டால், அது தரைக்கு வரும்போது பாதி அலட்சியமாக வந்து உட்காரும்.

வியாழன். அங்கே உட்காரத் தரையே இல்லை. மேகமட்டத்தில் ஈர்ப்பு நம்மைப்போல இரண்டரை மடங்கு. 1995 டிசம்பர் 7-ஆம் தேதி கலிலியோ விண்கலம் அனுப்பிய சிறுகலம் ஒன்று அதற்குள் இறங்கியது. நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஆறேழு நொடி. அந்த வேகம் இரண்டு நிமிடத்துக்குள் காற்றில் உராய்ந்தே தணிந்தது. 339 கிலோ கலம், பூமியின் ஈர்ப்பைப்போல 230 மடங்கு விசையைத் தாங்கியது. அதாவது அந்தச் சில நொடிகளுக்கு அதன் பாகங்கள் 70 டன்னுக்கும் மேலான சுமையைச் சுமப்பதுபோல் நின்றன. 152 கிலோ வெப்பக் கவசத்தில் பாதிக்குமேல் எரிந்து போனது. பிறகு பாராசூட் விரித்து, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தகவல் அனுப்பிக்கொண்டே இறங்கியது. 22, 23 பாரில், 150 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் சத்தம் நின்றது.

இந்த 230 மடங்கை வியாழனின் ஈர்ப்பு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது வேகத்தைக் குறைத்ததால் வந்த விசை, ஈர்ப்பு இரண்டரைதான். மனித உடம்புக்கே இரண்டரை ஒரு பொருட்டில்லை, கொஞ்ச நேரத்துக்கு. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் 2007 அக்டோபரில் சோயுஸ் கலத்தில் திரும்பியபோது, கலம் வழக்கமான பாதையை விட்டுச் செங்குத்தான பாதையில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள்மேல் விசை 8 மடங்கைத் தாண்டியது. மார்பில் யானை ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஆனால் மூவரும் நலமாக வெளியே வந்தார்கள்.

ஈர்ப்பு ஒரு சிறிய பொருளைத் தானாக நசுக்காது. பொருளைத் தடையில்லாமல் விழவிட்டால் ஈர்ப்பு எவ்வளவு இருந்தாலும் பொருளுக்கு அது தெரியவே தெரியாது, ஒவ்வொரு அணுவும் ஒரே மாதிரி விழுவதால். கீழே தாங்குகிற ஏதோ ஒன்று இருக்கும்போதுதான் எடை என்பதே வருகிறது. இங்கேயும் வித்தியாசம்தான் உடைக்கும். வியாழனை நோக்கி விழும் ஒரு பொருளின் கீழ்முனை மையத்துக்குக் கொஞ்சம் அருகே, மேல்முனை கொஞ்சம் தள்ளி. ஒரு மீட்டர் நீளத்துக்கு இரு முனைகளுக்கும் ஈர்ப்பில் உள்ள வேறுபாடு சில கோடியில் ஒரு பங்கு. டின்னுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் பெருத்து, உள்ளே பிடிப்பே இல்லாமல் தூசும் பனியுமாகச் சேர்ந்து நிற்கும் வால்மீனுக்கு அது போதும். ஷூமேக்கர் லெவி 9 என்ற வால்மீன் 1992 ஜூலையில் வியாழனை மிக நெருங்கிப் போனபோது இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரிந்தது. இரண்டு வருடம் கழித்து, 1994 ஜூலையில், துண்டுகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து வியாழன்மேல் விழுந்து பூமி அளவு கறைகளை விட்டன. வியாழனின் துணைக்கோள் அயோவை இதே வேறுபாடு பிசைந்துகொண்டே இருக்கிறது. அதன் தரை நூறு மீட்டர்வரை ஏறி இறங்கும். பிசைந்த சூட்டில் உள்ளே உருகி, எரிமலையாகக் கக்குகிறது. இதை வாயேஜர் 1 போய்ச் சேர்வதற்குச் சில நாள் முன்பே, 1979 மார்ச்சில், மூன்று பேர் கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். கலம் போய்ப் படமெடுத்தபோது எரிமலை புகைந்துகொண்டிருந்தது. இயற்பியலில் இப்படிக் கைமேல் பலன் கிடைப்பது அபூர்வம்.

பெரிய பொருள்களை ஈர்ப்பு வேறு விதத்திலும் ஆளுகிறது. சில நூறு கிலோமீட்டருக்கு மேல் பெருத்த கல்லை அது உருண்டையாக்கிவிடும். அதற்குக் கீழே இருந்தால் செவ்வாயின் போபோஸ் போல உருளைக்கிழங்கு வடிவில் விட்டுவிடும். மலைகளுக்கும் இதே சட்டம். கினபாலு 4,095 மீட்டர். செவ்வாயின் ஒலிம்பஸ் மலை சுமார் 22 கிலோமீட்டர். அங்கே ஈர்ப்பு குறைவு, மலையின் அடி அதன் சொந்தப் பாரத்தில் அவ்வளவு சீக்கிரம் பிதுங்காது என்பது ஒரு காரணம். தரைத்தட்டு நகராமல், எரிமலை ஒரே இடத்தில் கக்கிக்கொண்டே இருந்தது இன்னொரு காரணம்.

செவ்வாயை எடுத்ததால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே காற்றழுத்தம் ஒரு பாரில் ஆயிரத்தில் ஆறு பங்குதான். நம் இரட்டைக் கோபுரத்தின் அடிக்கும் 452 மீட்டர் உச்சிக்கும் உள்ள காற்றழுத்த வேறுபாடே அதைப்போல எட்டு மடங்கு! மின்தூக்கியில் காது அடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டில் ஒரு பங்குதான் செவ்வாயின் மொத்த வானமும். கெந்திங் மலைக்குக் காரில் ஏறும்போது பின்சீட்டில் கிடக்கும் குரோப்போக் பொட்டலம் பலூன்போல் உப்பிவிடுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அங்கே வெளிக்காற்று ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையவில்லை. செவ்வாயில் ஏறக்குறைய முழுதும் குறையும். மூடிய மைலோ டின் அங்கே நசுங்காது, அதற்குப் பதில் உள்ளிருந்து உப்பி, வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள் கிழியும். உள்ளே ஊற்றிவைத்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும்.

வியாழனின் ஆழத்தைப் பற்றிப் பையன் விடமாட்டார். அங்கே அழுத்தம் லட்சக்கணக்கான பார் ஆகும்போதாவது இரும்பு நசுங்காதா என்பார். நியாயமான கேள்விதான். இதுவரை சொன்னது ஆயிரம் பாருக்குள். பத்து லட்சம் பாரைத் தாண்டினால் கதை மாறுகிறது, அங்கே அணுக்களே நெருங்கி உட்கார வேண்டிவருகிறது. வியாழனுக்குள் ஹைட்ரஜன் அந்த நெரிசலில் உலோகமாகி மின்சாரம் கடத்துகிறது. வியாழனின் மாபெரும் காந்தப்புலம் அங்கிருந்துதான் பிறக்கிறது. யுரேனஸ், நெப்டியூனின் உள்ளே கார்பன் வைரமாக இறுகி மழைபோல் விழலாம் என்று நெடுநாள் கருத்து ஒன்று உண்டு. 2017-இல் கலிபோர்னியாவின் ஆய்வுக்கூடம் ஒன்றில் போலிஸ்டைரினை லேசரால் அடித்து அதே அழுத்தத்தை உண்டாக்கியபோது, கணநேரத்தில் நுண்வைரங்கள் பிறந்தன. கடலடியில் சுருங்கிய அதே போலிஸ்டைரின். ஆனால் இரும்புக் குண்டு அவ்வளவு ஆழம் வரை இரும்புக் குண்டாகவே போகாது. வியாழனின் ஆழத்தில் வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி. அது உருகி, சிதறி, ஹைட்ரஜனோடு கலந்துவிடும். 2016 முதல் வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ கலத்தின் அளவீடுகளின்படி, வியாழனின் உள்மையமே கெட்டியான உருண்டையாக இல்லாமல் கரைந்து பரவிக் கிடக்கிறது.

உருகாமல் நெரிந்த இரும்பு பார்க்க வேண்டுமானால் வியாழனுக்குப் போக வேண்டாம், நம் காலுக்குக் கீழே 6,370 கிலோமீட்டர். பூமியின் மையத்தில் அழுத்தம் சுமார் 36 லட்சம் பார். அங்கே ஐந்தாயிரம் டிகிரிக்கும் மேல் சூடு. தரையில் என்றால் இரும்பு ஆவியாகிவிடும், அங்கே அழுத்தம் அதைத் திடமாகவே பிடித்துவைத்திருக்கிறது. நிலநடுக்க அலைகள் எதிரொலித்து வந்ததை வைத்து டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண் 1936-இல் இந்த உள்மையத்தைக் கண்டுபிடித்தார். அங்கே ஒரு கன செண்டிமீட்டரின் எடை 13 கிராம். நம் கையிலுள்ள இரும்பு எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று லட்சம் மனிதர்கள் ஒரு சதுர அங்குலத்தில் ஏறி நின்றாலும் போதாத அழுத்தம், இரும்பைப் பாதியளவுக்குக்கூடச் சுருக்கவில்லை. கடுகு எங்கே வந்தது?

அந்த மையப்புள்ளியில் ஈர்ப்பு எவ்வளவு என்று பையனிடம் கேட்டுப் பாருங்கள். நாலாபுறமும் உள்ள பூமி சமமாக இழுப்பதால் அங்கே ஈர்ப்பு பூஜ்யம்.